வீட்டு விலை

மழை இறங்கினால் ஊரே அப்பாடா என்று மூச்சு விடும். பெயிண்டர் வீட்டில் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். வெளிச்சுவரில் ஈரம் இருந்தால் வண்ணம் பிடிக்காது. பிடித்தாலும் வெயிலில் தோல் உரிந்த மாதிரி தொங்கும், மேஸ்திரி கூலியில் கை வைப்பான். வானம் கறுத்த நாளிலிருந்து தெளிகிற நாள்வரை யாராவது வீட்டுக்குள்ளே ஓர் அறைக்கு அடிக்கக் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான். அதற்காகவே வெயில் காலத்தில் வாராவாரம் கொஞ்சம் எடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைப்பார்கள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டப்பா உண்டு. மழைக்காசு என்று அதற்குப் பேர். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. டப்பா பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

பெயிண்டரின் மனைவி பெரிய லாண்டரி ஒன்றில் வேலை பார்த்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரித் துணியும் வேன் வேனாக வந்து கொட்டும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரம் உறுமும், இன்னொரு பக்கம் காயவைக்கிற இயந்திரம் சுற்றும். நடுவில் நீள மேஜைகளில் பெண்கள் வரிசையாக நின்று நீராவிப் பெட்டியால் தேய்த்து மடிப்பார்கள். அவள் மடித்து அடுக்கின விரிப்புகளின் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். அதனால் லாண்டரியில் அவள் மடிப்பக்கா. நாளாக ஆகப் பெயிண்டரும் அந்தப் பேரைச் சுருக்கி மடிப்பு என்று பிடித்துக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

ஒரே மகள். வேறொரு ஊரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படித்தாள். அவள் போனதிலிருந்து இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு அறை என்று வைத்துக்கொண்டாலும் சண்டை வராது.

பெயிண்டருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, புகை கிடையாது. இந்த மூன்றும் இல்லாத மனுஷனுக்கு நாலாவதாக ஒன்று இருக்கத்தான் செய்யும். அவருக்குத் தூண்டில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஊருக்கு வெளியே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் பாறையைக் கொட்டி நீளமாக ஒரு அலைத்தடுப்பு கட்டியிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். திரும்பி வரும்போது வாசலிலேயே கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

"என்ன, இன்னைக்குத் திமிங்கலமா?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு குட்டி. பாவம், பொழச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"பஸ்ஸுக்குக் காசு, புழுவுக்குக் காசு, முள்ளுக்குக் காசு. கூட்டிப் பாத்தா இந்த ஒத்த மீனுக்கு நாம தங்கத்துல சங்கிலி போடணும். கடையில வாங்கியிருந்தா கூடை நிறைய வந்திருக்கும்."

"கடையில மீன் கிடைக்கும் மடிப்பு. அது இழுக்கிற இழுப்பு கிடைக்குமா?"

"நான் இழுக்கிற இழுப்பு பத்தலையா உங்களுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே மீனைக் கழுவி அறுப்பார். அவள் அடுப்பு முன்னால் நிற்க, அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அன்றைக்குத் தண்ணீர் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், பக்கத்துப் பாறைக்காரன் தூண்டில் நரம்பு எப்படிச் சிக்கிக்கொண்டது, தப்பிப்போன மீன் எவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொண்டே போவார். அவள் காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டாள். "அந்தப் பாட்டில்ல எண்ணெய் இருக்கா பாருங்க" என்று நடுவில் வெட்டுவாள். ஆனால் போன வாரம் தப்பின மீன் இந்த வாரம் இரண்டு விரல் வளர்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே நரம்பு சுற்றுகிற ரீல். கறுப்பு நிறம், ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு கோடு. கைப்பிடியைச் சுற்றினால் சத்தமே இல்லை. பெட்டியின் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நானூறு.

"நானூறா! ஒரு சக்கரத்துக்கா?"

"பழைய சரக்கு. கடைக்காரன் தள்ளிவிட்டான். இல்லேன்னா இந்த விலைக்குக் கிடைக்குமா?"

"அவன் தள்ளிவிட்டா வாங்கறதுக்கு ஆள் வேணுமே, நீங்க போய் நின்னீங்களாக்கும்."

ஒரு வாரம் அந்த நானூறை வைத்தே அவரை வறுத்தெடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கனத்த துணி ஒன்றில் அதற்கு அளவாக ஒரு உறையும் தைத்துப் போட்டாள். கழுவித் துடைத்துக் காயவைத்து அதற்குள் வைப்பது அவருக்கு ஒரு பூஜை மாதிரி.

இந்த மழையில்தான் அது கைமாறியது.

பெயிண்டர் மேஸ்திரியோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். புதுசாகக் கட்டின ஆபீஸ் ஒன்றுக்கு உள்சுவர் வேலை, பத்துப் பன்னிரண்டு நாள் அங்கேயே தங்கல். அந்த நேரம் பார்த்து ஹாஸ்டலிலிருந்து மகள் கூப்பிட்டாள். இந்த மாதத் தொகையை வெள்ளிக்குள் கட்டவில்லையென்றால் சாப்பாட்டு அட்டையை நிறுத்திவிடுவார்களாம். மடிப்பு டப்பாவைக் கவிழ்த்தாள், அரிசிப் பானைக்குள் கைவிட்டாள், பழைய பைகளை உதறினாள். கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தைத் தருகிற ஆள் மழைக் காலத்தில் யாருமில்லை.

அன்றைக்கே மாடியில் குடியிருந்த டிரைவர் காலி செய்துகொண்டிருந்தார். எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் வேலை கிடைத்து மூட்டை கட்டுகிறார். அவரும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்தான். படியில் பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அண்ணனோட அந்தக் கறுப்பு ரீல் இருக்கே, அதைக் குடுக்கற யோசனை உண்டா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். எனக்கு அது மேல ஒரு கண்ணு."

போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்பார், இல்லாவிட்டால் சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் குமைவார். பிள்ளை சாப்பாட்டுக்கு நிற்கிறாள், நானூறு சாமானுக்கு என்ன பெரிய பஞ்சாயத்து? வெயில் வந்தால் வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தால் போயிற்று.

"எவ்வளவு தருவீங்க?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

"எழுநூறு" என்றாள். சொல்லி முடித்ததுமே அநியாயமாகக் கேட்டுவிட்டோமோ என்று இருந்தது.

டிரைவர் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். பையில் கைவிட்டு எடுத்து நீட்டிவிட்டார். பேரமே பேசவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனுஷனை உட்காரவைத்து டீயும் ரொட்டியும் கொடுத்தாள். தான் தைத்த உறையையும் போட்டு மடித்துக் கட்டிக் கொடுத்தாள். வண்டி மூலை திரும்புகிறவரை வாசலில் நின்றாள், பாவம், ஏமாற்றிவிட்டோமே என்று.

பெயிண்டர் வந்த அன்று சாப்பாடு போட்டுவிட்டுத்தான் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது.

"நானூறுக்கு வாங்கினது எழுநூறு! முந்நூறு லாபம். நீங்க கூலிக்கு அலையறதுக்குப் பதிலா என்னை வச்சு வியாபாரம் பண்ணுங்க."

பெயிண்டர் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

"எழுநூறா?"

"வாய் தவறிக் கேட்டுட்டேன், மனுஷன் அப்படியே குடுத்துட்டார்."

"ம்" என்றார். கவளத்தை வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். "நல்ல விலை" என்றார்.

அதற்கப்புறம் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தீக்குச்சியால் நகத்திலிருந்த வண்ணத்தைச் சுரண்டினார். நகம் சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. அவர் பஸ் ஏறிப் போனார். கோல் கதவுக்குப் பின்னாலேயே நின்றது. சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த ஞாயிறும் அப்படியே.

"என்ன, கடல் காலியாயிடுச்சா?"

"ம்."

"கோலை விட்டுட்டுப் போறீங்க. மீனைப் பேர் சொல்லிக் கூப்பிடறீங்களா?"

அவர் லேசாகச் சிரித்தார். சிரித்தேன் என்று கணக்குக் காட்டுகிற சிரிப்பு. அவள் அடுப்பு முன்னால் நின்று முட்டை பொரித்தாள். கதவு நிலையில் யாரும் சாயவில்லை. தண்ணீர் என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டில் அவ்வளவு அமைதி. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கும். வேண்டுமென்றே எதையாவது குத்திக் காட்டிப் பார்த்தாள், சண்டையாவது வரட்டும் என்று. வரவில்லை. கேட்டதற்குப் பதில் உண்டு, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, வந்த கூலியை அப்படியே கையில் கொடுக்கிறார். குற்றம் சொல்ல ஒரு துரும்பு இல்லை. லாட்ஜில் தங்கியிருக்கிற மனுஷன் மாதிரி இருந்தார்.

"என் மேல கோபமா?" என்று நேராகவே கேட்டாள்.

"நானூறு சாமானுக்கு என்ன கோபம்?"

லாண்டரியில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பேரும் பொத்தான்தான். வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது.

"என்னக்கா, விரிப்பை மடிக்கிறியா, அழுத்திக் கொல்லறியா?"

"அவர் பேசறதில்ல."

"அதுக்கா மூஞ்சி தூக்கி வச்சிருக்க? என் வீட்டுக்காரர் ஒரு நாள் பேசாம இருந்தா நான் ஊருக்கே சாப்பாடு போடுவேன்."

"வெளையாடாத. அந்தச் சக்கரத்தை வித்ததிலிருந்து இப்படித்தான்."

"குழந்தை கையிலேருந்து பொம்மையைப் புடுங்கினா அழுதுட்டு முடிச்சிடும். ஆம்பளை கையிலேருந்து புடுங்கினா அழவும் தெரியாது, முடிக்கவும் தெரியாது. புதுசு ஒண்ணு வாங்கி மடியில போடு. நானூறுதானே?"

"நானூறுதான்."

"அப்புறம் என்ன? ரெண்டு நாள் கூட நில்லு, வந்துடும்."

மடிப்பு கூட நின்றாள். ஆஸ்பத்திரித் துணிக்குச் சாயங்காலம் ஆள் பற்றாது. வீட்டில் போய் அந்த அமைதியோடு உட்காருவதற்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. கணுக்கால் வீங்கியது. மழை விட்டு விட்டுப் பெய்தது. கூடுதல் கூலி ஆயிரம் சேர்ந்ததும் ஒரு ஞாயிறு, அவர் பஸ் ஏறின பிறகு, நல்ல துணி உடுத்திக்கொண்டு தூண்டில் கடையைத் தேடிப் போனாள். ஒன்று வாங்கிவிட்டு மீதியை டப்பாவில் போட வேண்டும் என்று நினைப்பு.

சின்னக் கடை. கூரையிலிருந்து கோல்கள் தொங்கின. கண்ணாடி அலமாரிக்குள் ரீல்களை நகைமாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தார்.

"சொல்லுங்கம்மா."

"ஒரு ரீல் வேணும். கறுப்பா இருக்கும். ஓரத்துல தங்கக் கலர்ல கோடு. சுத்தினா சத்தம் வராது."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "நீங்க பெயிண்டர் வீட்டம்மாவா? அந்தச் சக்கரம் வாங்கினது இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான். எப்படி இருக்கார்? ஆளையே காணோம். சக்கரத்துக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஆமா, இல்ல... அதே மாதிரி இன்னொன்னு வேணும்."

"இன்னொன்னா!" அவர் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, துணியால் பிடித்துப் பெட்டியை எடுத்து வைத்தார். "இப்ப இதுல ஒண்ணுதான் இருக்கு. பெயிண்டர் வீட்டுக்குன்னா கொஞ்சம் கொறச்சே போட்டுத் தரேன்."

"எவ்வளவு?"

"ஒன்பதாயிரம் குடுங்க."

அவள் சிரித்தாள். "ஐயா, நான் நெசமாவே வாங்க வந்திருக்கேன்."

"நானும் நெசமாத்தாம்மா சொல்றேன்."

"அவர் நானூறுக்கு வாங்கினார். பழைய சரக்குன்னு நீங்க தள்ளிவிட்டீங்களாம். பெட்டி மேலயே சீட்டு ஒட்டியிருந்துச்சு, நான் பாத்தேனே."

கடைக்காரர் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"அது வந்தும்மா... அது வீட்டு விலை."

"அப்படின்னா?"

"இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் கேப்பாங்க. வீட்டுல சண்டை வேண்டாம், ஒரு சின்ன விலை ஒட்டிக் குடுங்கன்னு. அதுக்குன்னே ஒரு சுருள் சீட்டு வச்சிருக்கேன். நாங்க விளையாட்டா வீட்டு விலை, கடை விலைன்னு சொல்லிக்கறது." குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. பெயிண்டர் நாணயமான ஆள். ஒரு வருஷத்துக்கு மேல சனிக்கிழமை தவறாம வந்து கட்டினார். கட்டி முடிக்கிறவரை சக்கரத்தைத் தொடக்கூட மாட்டார். இப்படி நின்னு கண்ணாடி வழியா பாத்துட்டுப் போவார்."

அவர் காட்டின இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பதாயிரம். அவள் ஒரு மாதம் முழுக்க நின்று தேய்த்தாலும் அவ்வளவு வராது. டிரைவர் முகம் கண்ணுக்குள் வந்தது. ஒரு தடவை பார்த்தாரே, அது என்ன பார்வை என்று இப்போது தெரிந்தது. அந்த மனுஷனுக்கு டீ வேறு, ரொட்டி வேறு, உறை வேறு. விலை தெரிந்து விற்றிருந்தால் பிள்ளைக்குப் பல மாத ஹாஸ்டல் தொகை. மழைக்காலம் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'நல்ல விலை' என்று தலை குனிந்து மென்ற முகமும் வந்து நின்றது. எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உக்காருங்கம்மா, தண்ணி தரட்டுமா?"

"வேண்டாம்." மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "சக்கரம் இல்லாம, சின்னதா ஏதாச்சும் இருக்கா?"

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்து வைத்தார். அதில் நரம்பு சுற்றி, முனையில் ஈயமும் முள்ளும் கட்டியிருந்தது. கையாலேயே எறிந்து கையாலேயே இழுப்பது. "நூத்தியிருபது." பழக்க தோஷத்தில் அவர் விரல் சீட்டுச் சுருள் பக்கம் போனது.

"இது கடை விலையா, வீட்டு விலையா?"

கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "கடை விலைதாம்மா" என்றார், மெதுவாக.

அத்தனை வருஷத்தில் அவள் அலைத்தடுப்புக்குப் போனதே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினபோது மழை ஓய்ந்து காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பாறைகளின் மேல் ஆங்காங்கே ஆட்கள், ஒருவரோடு ஒருவர் பேச முடியாத தூரத்தில். எல்லார் கையிலும் கோல். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு அடுத்தவன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறை பாறையாகத் தாண்டிப் போனாள். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன, பாப்பாவுக்கு ஏதாச்சும்...?"

"அவ நல்லாத்தான் இருக்கா. உக்காருங்க."

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து பையிலிருந்த வளையத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நூத்தியிருபது. கடை விலை."

பெயிண்டர் வளையத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. ஒரு அலை வந்து பாறைக்குள் புகுந்து, உள்ளேயே புரண்டு, வெளியே போனது.

"போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"எல்லாம் சொல்லிட்டானா?"

"அவர் என்ன சொல்றது, நீங்க சொல்லியிருக்க வேண்டியது. வித்துட்டேன்னு சொன்ன அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த டிரைவர் எந்த ஊர்ல இருந்தாலும் போய்ச் சட்டையைப் புடிச்சிருப்பேன். பொண்ணு சாப்பாட்டுக்குப் பிச்சை எடுக்காத குறையா நான் டப்பாவைத் தட்டிட்டிருந்தேன். நல்ல விலையாம், நல்ல விலை!"

"சொன்னா அதையும் சொல்லணுமே."

"எதை?"

அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு ஏது? என் டப்பாவிலேருந்தா?"

"இல்ல. வீட்டுக் காசை ஒத்த நாள் தொட்டதில்ல. சத்தியமா."

"அப்ப?"

"மேல ஏறினேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது உட்கார்ந்திருந்த பாறை நகர்ந்த மாதிரி இருந்தது. உயரக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் அடிக்கிறவர்கள் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து இறங்கிக்கொண்டே வருவார்கள். அதற்குத் தனியாக உயரக் காசு உண்டு. அவரோடு வேலை செய்த ஒருத்தன் அப்படி ஒரு பலகையிலிருந்து விழுந்து செத்தபோது, அவன் பொண்டாட்டியை இவள்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து பெயிண்டரிடம் மகள் தலையில் கைவைத்து வாக்கு வாங்கினாள், இனித் தரையிலிருந்து ஏணி எட்டுகிற உயரம்தான் என்று.

"எத்தனை நாள்?"

"வருஷத்துக்கு மேல. தினமும் இல்ல. கூப்பிட்டப்போ எல்லாம்."

"நான் அங்க மேஜை முன்னால நின்னுக்கிட்டு, நீங்க தரையில நிக்கிறீங்கன்னு நெனச்சு நிம்மதியா துணி மடிச்சிட்டிருந்தேனே..."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்..."

"உசிரை வச்சா ஒரு சக்கரம் வாங்குவாங்க?"

"உனக்குப் புரியாது மடிப்பு." கோபமில்லை, களைத்துப்போன குரல். "வாரம் முழுக்க யார் யாரோ வீட்டுச் சுவர். அவங்க சொல்ற கலர். முடிச்சுட்டு வந்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியாது. இங்க வந்து நரம்பு சுண்டினா, அது எனக்குச் சுண்டினது. அவ்வளவுதான். பலகையில காத்துல ஆடிட்டிருக்கும்போதுகூட ஞாயித்துக்கிழமையை நெனச்சுப்பேன். கை நடுங்காது."

"என்னை நெனச்சுக்க மாட்டீங்களா?"

"உன்னை நெனச்சா பயம் வந்துடும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். தோளைக்கூடக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டார். வீட்டில் ஒரு நானூறுக்கு ஒரு வாரம் திட்டினவள். இப்போது எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பாறைக்காரனுக்கு மீன் கடித்தது. அவன் இழுத்து எடுத்து, இவர்கள் பக்கம் தூக்கிக் காட்டினான். பெயிண்டர் தலையை ஆட்டினார்.

கடைசியில் அவள்தான் பேசினாள்.

"இனிமே ஏறக் கூடாது. ஏறினீங்கன்னு காதுல விழுந்தா, அந்த லாண்டரி ஜன்னல்லேருந்து நான் குதிப்பேன்."

"ஏற மாட்டேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதனால இப்படிச் செய்யலாம். மாசம் பொறந்தா டப்பாவுக்குப் போடறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு ஒரு தொகை நான் எடுத்து வைக்கிறேன். முந்நூறு. சேத்து வச்சுச் சக்கரம் வாங்குங்க, சங்கு வாங்குங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா விலை ஒரே விலை."

"மழைக் காலத்துல?"

"மழைக் காலத்துல கம்மி. கம்மியானாலும் உண்டு."

"முந்நூறு ஜாஸ்தி மடிப்பு. பாப்பா படிப்பு முடியட்டும்."

"அது இல்லேன்னா நீங்க கயிறு புடிச்சுத் தொங்குவீங்க. எனக்கு இது மலிவு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அதே அளவு எடுத்து வைப்பேன். உங்களுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை, எனக்கு மட்டும் அடுப்பா?"

"நியாயந்தான். கட்டாயம் எடுத்துக்க." பல வாரத்துக்கு அப்புறம் அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. வளையத்திலிருந்து நரம்பைப் பிரிக்க ஆரம்பித்தார். "நீ என்ன வாங்குவ?"

அவள் வாயைத் திறந்தாள்.

"துணிமணியா?"

"துணி தேவைக்கு வாங்கறது. அது எப்படிக் கணக்காகும்?"

"சினிமா?"

"தனியாவா?"

"பாட்டுப் பெட்டி? செடி? ஏதாச்சும் உனக்குன்னு பிடிச்சது இருக்குமே?"

"இருக்கும்" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

அவர் எழுந்து நின்று கையைச் சுழற்றி ஈயத்தை எறிந்தார். அது தூரத்தில் போய் விழுந்தது. அவருடைய முகம் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் பாறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

மழை தெளிந்து வெளிச்சுவர் வேலை தொடங்கின முதல் மாதம், சொன்னபடி இரண்டு பங்கு எடுத்து வைத்தாள். மேஸ்திரியின் மனைவியிடம் ஆள் விட்டுக் கேட்டதில் பெயிண்டர் பலகையில் ஏறாமல் ஏணியோடு நிற்கிறார் என்று தெரிந்தது. சாயங்காலம் லாண்டரி விட்டதும் தன் பங்கைக் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். வீட்டுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லாமல் அந்தத் தெருவுக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை.

வளையல் கடையில் நின்றாள். வேலையில் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். பாத்திரக் கடையில் கால் தானாக நின்றது, இது வீட்டுக்கு என்று நினைவு வந்து நகர்ந்தாள். பூச்செடி விற்கிறவரிடம் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னலில் வெயில் வராது. குழந்தைகள் சாமான் கடையில் மகள் சின்ன வயதில் கேட்டு வாங்கித் தராத பொம்மை ஒன்று அப்படியே இருந்தது. அதையும் பார்த்துவிட்டு வைத்தாள். "என்னம்மா வேணும்?" என்று எல்லாக் கடையிலும் கேட்டார்கள். "பாத்துட்டு வரேன்" என்று எல்லாக் கடையிலும் சொன்னாள்.

தெருவின் கோடியில் ஒரு கடை. நூல், கத்தரி, வண்ணப் பெட்டி, மணி, ஊதுகுழல், சதுரங்கப் பலகை என்று எல்லாம் கலந்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் கைவேலையை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னம்மா வேணும்?"

பொறுமையாகத்தான் கேட்டார். கடையில் வேறு ஆள் இல்லை, பின்னால் யாரும் நிற்கவும் இல்லை. அவளுக்கும் போய்ச் செய்ய அவசர வேலை எதுவும் இல்லை. அலமாரியில் ஒவ்வொரு தட்டாக, கீழேயிருந்து மேலேவரை, மேலேயிருந்து கீழேவரை பார்த்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் அவளுக்காக உள் விளக்கையும் போட்டார்.